கயிற்றில் வழிவிடாதவர்கள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் வெங்கடலட்சுமி. ஆலைக்குள் எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்கள், ஃபர்னஸ் பக்கம் மயங்கி விழுந்தவர்கள், கெமிக்கல் பட்டுத் தோல் வெந்தவர்கள் என்று பார்த்துப் பழகிய கண் இது. ரத்தத்தைக் கண்டு நான் பதறியதில்லை. ஆனால் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, லடாக்கில் ஒரு மலையடிவாரத்தில், வெயில் ஏறிய காலை வேளையில் வாக்கி டாக்கியில் நான் கேட்டது இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் பதறிப்போகிறேன்.

தொழிற்சாலைகளில் நர்ஸாகவும் சேஃப்டி ஆபீசராகவும் சேருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். மலையின் பெயரையும் கம்பெனிகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

1. பரிசாக ஒரு மலை

அந்த வருடம் எங்கள் ஆலை ஏற்றுமதி இலக்கைத் தாண்டிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கரன் சார் ஒரு நாள் முதலுதவி அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“சிஸ்டர், ஹிமாலயாஸ் போறோம். ஆறாயிரம் மீட்டர். என்னோட சேத்து எட்டு பேர். மெடிக்கல் சைடுக்கு நீங்க வரணும்.”

“சார், சந்திரசூடேஸ்வரர் மலைப் படி ஏறினாலே எனக்கு முட்டி கழண்டுக்குது.”

“நீங்க ஏற வேணாம். பேஸ் கேம்ப்ல இருந்தா போதும்.”

பாஸ்கரன் சாரைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கிரைண்டிங்கில் ஒரு பையனுக்குக் கண்ணில் இரும்புத் துகள் பட்டபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் காரிலேயே பெங்களூருக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் முடியும் வரை தியேட்டர் வாசலில் நின்றவர். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் இரண்டு பேரை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். மாதேஷ், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் வரிசைக்கு லைன் லீடர். தொரப்பள்ளிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவன் கான்ட்ராக்ட் ஆளாக உள்ளே வந்து, பெர்மனென்ட் ஆகி, லைனையே கையில் வாங்கியவன். தினமும் காலையில் ஓடுவான். அடுத்த சூப்பர்வைசர் அவன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இன்னொருத்தி ரேணுகா. பர்கூர்ப் பெண், குவாலிட்டி செக்‌ஷன். டீமில் இருந்த ஒரே பெண். கேட்டால்தான் பதில் வரும். அதுவும் பாதி வார்த்தையில்.

பெங்களூர் டிரெக்கிங் கம்பெனியிலிருந்து கௌதம் என்பவர் வந்து கேன்டீனில் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டினார். பனி, நீல வானம், கொடி பிடித்துச் சிரிக்கும் மனிதர்கள். “நடக்க வந்தா போதும் சார். டெக்னிக்கல் கிளைம்பிங் ஏனூ இல்ல. அறுவது வயசு ஆன்ட்டி எல்லாம் ஏறியிருக்காங்க,” என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவரிடம் இரண்டு பேக்கேஜ் இருந்தன. சாதாரணமானது ஒன்று, ‘எக்ஸ்பிரஸ்’ என்று ஒன்று. எட்டு பேரை அதிக நாள் லைனிலிருந்து விட முடியாது என்பதால் ஆலை எக்ஸ்பிரஸை எடுத்தது. இரண்டுக்கும் மலை ஒன்றுதான், வழியும் ஒன்றுதான். நடுவில் உடம்பைப் பழக்குவதற்கான ஓய்வு நாட்களை வெட்டியிருந்தார்கள், அவ்வளவே வித்தியாசம்.

எனக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டேன். உயரத்தில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும்; உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். “நடை தள்ளாடினா யோசிக்காதீங்க. உடனே கீழ இறக்குங்க. மருந்தெல்லாம் இறக்குற வரைக்கும் தாங்கறதுக்குத்தான்,” என்றார் அவர்.

அந்த ஓய்வு நாட்களைப் பற்றிக் கௌதமிடம் கேட்டேன்.

“சும்னே டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர். சீசன்ல தினமும் ஜனங்க ஏறறாங்க. டேப்லெட் இருக்கு, ஆக்ஸிஜன் இருக்கு. எல்லாம் பேக்கேஜ்லயே சேர்த்தி.”

2. கூடாரங்களுக்கு நடுவே

மலை என்றால் அமைதி என்று நினைத்துக்கொண்டு போனேன். பேஸ் கேம்ப்பைப் பார்த்ததும் ஓசூர் பஸ் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வந்தது. ஆரஞ்சும் மஞ்சளுமாக வரிசை வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பெனி பேனர். ஒரு பக்கம் ஸ்பீக்கரில் பாட்டு. இன்னொரு பக்கம் காபி மெஷின். உச்சியில் போட்டோ எடுக்கத் தனி ரேட், டிரோன் என்றால் அதற்கு மேல் ஒரு ரேட் என்று போர்டு மாட்டியிருந்தது. சமையல் கூடாரத்துக்குப் பின்னால் டின்னும் பிளாஸ்டிக்குமாக ஒரு குவியல். கழிப்பறைக் குழிகள் நிறைந்து வழிந்து, அந்த நாற்றம் நாங்கள் குடிக்கத் தண்ணீர் எடுத்த ஓடை வரை வந்தது.

பக்கத்துக் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒருவர் குளுகோஸ் ஏறப் படுத்திருந்தார். அவர் காலடியிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “ஃபுட் பாய்சன்,” என்றார் அவர்களுடைய ஆள். அந்த மனிதரின் உதடு நீலமாக இருந்தது.

எங்கள் கைடு பாசங், நேபாளத்துக்காரர். என்னைத் ‘தீதி’, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். பிகார், ஒடிசா தொழிலாளிகளுக்கு மாத்திரை கொடுத்துப் பழகியதில் எனக்கு ஓரளவு இந்தி வரும். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“முன்பெல்லாம் மலை ஏறத் தெரிந்தவர்கள் வருவார்கள் தீதி. இப்போது பூட்ஸுக்கு அடியில் முள்தகடு கட்டக்கூடத் தெரியாதவர்கள் வருகிறார்கள். நாங்களே கட்டிவிடுகிறோம், நாங்களே இழுத்துக்கொண்டு போகிறோம். ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால் அடுத்த கூட்டம் டீ குடித்துக்கொண்டு நிற்கும்.”

அன்று சாயங்காலம் மாதேஷ் இருமுவதைக் கேட்டேன். கூப்பிட்டு விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன். ஆக்ஸிஜன் அளவு மற்ற எல்லோரையும் விட அவனுக்கு நன்றாகக் குறைந்திருந்தது. தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. கூடாரக் கயிறு ஒன்றைத் தரையில் நேராகப் போட்டு, குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொன்னேன். பாதி தூரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தான்.

“மாதேசு, நீ இங்கயே இரு. மேல போவாத.”

“வெறும் சளி சிஸ்டர். மார்கழியில நம்மூர்ல வராத இருமலா?”

“இது அந்த இருமல் இல்லப்பா.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “கம்பெனி கொடிய என் கையில குடுத்திருக்காங்க. நான் இங்கயே உக்காந்துக்கினு இருந்தா, திரும்பிப் போயி லைன்ல மூஞ்சிய காட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

பாஸ்கரன் சாரிடமும், எங்களோடு வந்திருந்த கௌதமிடமும் போய்ச் சொன்னேன். காலையில் மறுபடி பார்க்கலாம் என்றார் கௌதம். காலையில் மாதேஷ் வந்தபோது அளவு கூடியிருந்தது. ஆனால் கூடாரத்துக்கு வெளியே அவன் உலைத்துருத்தி மாதிரி வேகமாக மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். அப்படி இழுத்தால் கொஞ்ச நேரத்துக்கு அளவு ஏறும்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

அவன் தரையைப் பார்த்தான். கௌதம் போனைப் பார்த்தார்.

“நம்பர் ஓகேதானே சிஸ்டர்?” என்றார் பாஸ்கரன் சார். “அவரே போறேன்றாரு. டிசிஷன் அவரோடது.”

“சார், பிரஸ் மெஷின்ல கை போகாம தடுக்கற கார்டு இல்லாம ஓட்டறன்னு ஒருத்தன் ஆசையா வந்து கேட்டா நீங்க விடுவீங்களா?”

ஒரு நிமிடம் அவர் என்னையே பார்த்தார். ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

“அது ஃபேக்டரி சிஸ்டர். இது அட்வென்ச்சர்.”

அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. ரேணுகாவைத் தனியாகக் கூப்பிட்டு மூளை வீக்கத்துக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தேன். “கால் பின்னினாலும், பேச்சு குழறினாலும், சம்பந்தம் இல்லாம எதாவது பேசினாலும் இதக் குடு. குடுத்துட்டுக் கீழ கூட்டிக்கினு வந்துரு.” அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று அவர்கள் மேல் முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பி உச்சிக்கு ஏறுவதாகத் திட்டம்.

3. வாக்கி டாக்கி

மறுநாள் காலை நல்ல வெயில். கௌதம் சமையல் கூடாரத்து வாசலில் நாற்காலி போட்டு வாக்கி டாக்கியோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பாசங்கின் குரல் வந்தது.

“ஒருவர் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்தது, பஸ் போய்விடும் என்று சொல்கிறார்.”

யார் என்று நான் கேட்கவில்லை.

“டாப்புக்கு எவ்வளவு தூரம்?” என்று கேட்டார் கௌதம்.

“கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பிடித்து ஏறக் கட்டிய கயிற்றில் நீளமான வரிசை நிற்கிறது.”

“கிட்டக்கத்தானே? மெதுவா ஏத்துங்க. கொடியோட ஒரு போட்டோ. அப்புறம் இறக்கிடலாம்.”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் கையிலிருந்து வாக்கியைப் பிடுங்கினேன்.

“பாசங், சிஸ்டர் பேசறேன். அவரை இறக்குங்க. இப்பவே.”

“சிஸ்டர், இது ஓபன் சேனல்,” என்று கௌதம் கையை நீட்டினார். “மத்த டீம் எல்லாம் கேப்பாங்க. நம்ம பேரு ஏனு ஆகும்?”

ஓர் ஆள் அங்கே செத்துக்கொண்டிருக்கிறான். இவருக்குக் கம்பெனிப் பேர். வாக்கியைத் திருப்பித் தராமல் எழுந்து தள்ளிப் போய் நின்றேன்.

“இறக்க முடியவில்லை தீதி,” என்றார் பாசங். “இந்த இடம் குறுகல். ஒரு கயிறுதான். ஏறுகிறவர்கள் வழி விடவில்லை.”

அப்புறம் ரேணுகாவின் குரல். மூச்சு வாங்கியது. “சிஸ்டர், அண்ணனுக்குக் காலு நிக்கல. மாத்திரை குடுத்துட்டன். நான் வழி கேட்டுக்கினே இருக்கன். யாரும் நவுர மாட்டேங்கறாங்க.”

அவள் பட்டனை அழுத்திப் பிடித்திருந்ததால் பின்னால் பேசியதும் கேட்டது. நிற்காதே, நட என்று ஆங்கிலத்தில் ஒருவர். வானிலை மாறிவிடும் என்று ஒருவர். இவ்வளவு பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்று இந்தியில் ஒரு பெண். வழியில் நீட்டிக் கிடந்த மாதேஷின் காலை ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள் என்று ரேணுகா பிறகு ஒரு நாள் சொன்னாள். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், போட்டோவில் விழுகிறார் என்று ஒருவர் கேட்டாராம்.

“பாஸ்கரன் சார் எங்கம்மா?”

மறுபடி கேட்டேன்.

“தாண்டிப் போயிட்டாரு சிஸ்டர்.”

“பாத்தாரா?”

“பாத்தாரு. பாசங் பாத்துக்குவாரு, நீ வான்னு என்னயும் கூப்பிட்டாரு.”

“மத்தவங்க?”

“எல்லாரும் சார் கூடவே போயிட்டாங்க.”

மற்ற ஐந்து பேரும் கேன்டீனில் மாதேஷோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒருவனுடைய குழந்தைக்கு மாதேஷ் ரத்தம் கொடுத்திருக்கிறான். வாக்கியை வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தேன்.

“ரேணுகா, அவன் கைய உன் ஜாக்கெட்டுக்குள்ள விட்டு அக்குள்ல வெச்சுக்க. அவனத் தூங்க விடாத.”

“சரி சிஸ்டர்.”

பிறகு கேட்டது கத்தல். அது ரேணுகா என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கேட்டால்தான் பேசுகிற அந்தப் பெண் கயிற்றுக்குக் குறுக்கே தன்னைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தாள்.

“யாரும் ஏறக் கூடாது! ஆளு இறங்கற வரைக்கும் ஒருத்தரும் ஏறக் கூடாது! என்னத் தள்ளிட்டுப் போ, பாக்கலாம்!”

அவளைத் திட்டினார்கள். தலைக்கவசத்தில் ஒருவன் தடியால் தட்டினானாம். அவள் அசையவில்லை. கடைசியில் வேறொரு கம்பெனியின் கைடு தன் ஆட்களை ஓரம் கட்டி, அவர்களுக்காக வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரையும் மாதேஷுக்குக் கொடுத்தார். அவரும் பாசங்கும் கயிற்றில் கட்டி அவனை இறக்க ஆரம்பித்தார்கள். உச்சி கண்ணுக்கு எதிரே இருக்க, ரேணுகா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடவே இறங்கினாள்.

4. பம்ப்

மத்தியானத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. வலது கை விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக, விறைப்பாக இருந்தன. தட்டினால் கட்டையைத் தட்டுகிற சத்தம்.

காற்றழுத்தப் பை என்று ஒன்று உண்டு. ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப் போட்டு, வெளியிலிருந்து காலால் பம்ப்பை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடி, ஆள் மலையிலிருந்து கீழே இறங்கிவிட்ட மாதிரி ஆகும். மிதிப்பதை நிறுத்தினால் உள்ளே இருப்பவனுக்குக் காற்று கெட்டுவிடும். நானும் சமையல்காரரும் மாறி மாறி மிதித்தோம். இறங்கி வந்த ரேணுகாவும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மிதித்தாள்.

உச்சி தொட்ட ஆறு பேரும் அதற்குள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு மாலை போட்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் கேக் வெட்டினார்கள்; அதுவும் பேக்கேஜில் சேர்த்தி. அந்தக் கைதட்டல் கேட்கக் கேட்க நான் மிதித்துக்கொண்டிருந்தேன். அப்போது கௌதம் வந்து என் காதருகே குனிந்தார்.

“சிஸ்டர், இந்தப் பைய கிச்சனுக்குப் பின்னால கொண்டுபோயிடலாமா? நெக்ஸ்ட் பேட்ச் வந்துட்டு இருக்காங்க. பாத்தா பயந்துக்குவாங்க.”

“பயந்துக்கட்டும்,” என்றேன்.

பாஸ்கரன் சார் கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். பையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் உண்டு. அதன் வழியாக மாதேஷின் முகத்தைப் பார்த்தார்.

“அப்பவே இறக்கிட்டாங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்.”

நான் பம்ப்பிலிருந்து காலை எடுத்து நகர்ந்து நின்றேன்.

“மிதிங்க சார்.”

மிதித்தார். வெயில் மலைக்குப் பின்னால் போகும் வரை தலையைத் தூக்காமல் மிதித்தார். யாரோ வந்து மாற்றிவிடுகிறேன் என்றபோதும் விடவில்லை.

பொழுது சாயும்போது மாதேஷ் கண்ணைத் திறந்து, ரேணுகாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஜீப் மறுநாள் காலைதான் வந்தது; அதில் லே நகர ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்களின் நுனியைப் பின்னால் பெங்களூரில் எடுத்தார்கள்.

5. ஃபிட்னஸ்

ஆண்டு விழாவில் அந்தப் பயண வீடியோவைப் போட்டார்கள். பாட்டோடு அழகாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். உச்சியை நெருங்குகிற ஒரு காட்சியில் திரையின் கீழ் மூலையில் சிவப்பு ஜாக்கெட் ஒன்று பனியில் உட்கார்ந்திருந்தது. பூட்ஸ் கால்கள் அதைத் தாண்டிப் போயின. கண் சிமிட்டும் நேரம்தான். அரங்கம் விசிலடித்தது.

“அது நான்தான் சிஸ்டர்,” என்றான் பக்கத்தில் இருந்த மாதேஷ். திரும்பிப் பார்த்தேன். அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான். பாஸ்கரன் சார் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். சில மாதங்களில் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இதுவரைக்கும் சொன்னதைவிட என்னை அதிர வைத்தது அடுத்த ஆண்டு நடந்தது. அதே டிரெக்கிங் கம்பெனி, இதைவிட உயரமான மலைக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தது. போன முறை உச்சி தொடாதவர்களுக்குச் சலுகை உண்டாம். ஒரு மத்தியானம் முதலுதவி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மாதேஷ் வந்தான்.

“சிஸ்டர், ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் வேணும்.”

“எதுக்கு?”

“மலைக்குத்தான்.”

விளையாடுகிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை.

“உனக்கு எதாவது புத்தி இருக்குதாடா? உன் கையப் பாரு.”

“அதத்தான் எல்லாரும் பாக்கறாங்க சிஸ்டர்.” கையை மேசைமேல் வைத்தான். “ஏறின ஆறு பேரு போட்டோவ கேன்டீன் செவுத்துல மாட்டிருக்காங்க. என்னுது இல்ல. ரேணுகாவோடதும் இல்ல. வெரலு போனவன்னுதான் சொல்றாங்க. மலைக்குப் போனவன்னு ஒருத்தன் சொல்றது இல்ல. ஒரு தடவ மேல நின்னுட்டு வந்துடறன்.”

அதுவரை கௌதமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்; விற்கிறவன் ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பியிருந்தேன். சாவின் வாயிலிருந்து திரும்பிய மனிதனே அதை மறுபடி வாங்க வந்து நிற்பான் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் தரவில்லை. கெஞ்சினான், கோபப்பட்டான், கதவை அறைந்துவிட்டுப் போனான். அவன் மனைவியை வரவழைத்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவளுக்குத் தெலுங்கில் விளக்கிச் சொன்னேன். பிளான்ட் ஹெட்டிடம் போய், இந்த மாதிரிப் பயணத்துக்கு யாருக்குமே முதலுதவி அறை ஃபிட்னஸ் தராது, வேண்டுமானால் என்னை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ரேணுகாவும் கூட வந்தாள். அவள் அன்றைக்குக் கயிற்றில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆலை அந்தப் பயணத்தைக் கைவிட்டது.

நான் கற்றது இவ்வளவுதான். மேலே போன பிறகு ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது யார் காதிலும் விழாது. பணம் கட்டியவர் காதிலும் விழாது, வாங்கியவர் காதிலும் விழாது, நல்லவர் காதிலும்கூட விழாது. அதனால் பெட்டி கட்டுவதற்கு முன்பே, உங்கள் மேசையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுங்கள். அதற்காக அவர்கள் உங்களை வெறுத்தால் வெறுக்கட்டும்.

மாதேஷ் இன்று வரைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது பாகலூர் ரோட்டில் அவன் ஓடுவதைப் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் ரோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவான். நன்றாகத்தான் ஓடுகிறான்.